கும்பிடும் கூழைக்கும்பிடும்

வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. தேர்வு என்று ஆங்கிலச் சொற்பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் கையிலிருக்கும் கைடுகளில் ஒரு கட்டம் உண்டு. 'சப்மிஸிவ்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே செர்வைல், டோசைல், அப்சீக்வியஸ், டோடி, ட்ரக்கிள், கௌடௌ என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். எதிரே தமிழில் ஒரே பொருள்: அடிமைபோலப் பணிதல். அப்படியே உருப்போட்டால் ஒரு மார்க் நிச்சயம். அதில் எனக்குச் சண்டை இல்லை. அரை மார்க்கில் வேலை கைநழுவிப் போனவர்களை வகுப்பில் நிறையப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தின் கடைசியில் நிற்கிற கௌடௌவைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதை மற்றவற்றோடு ஒரே கயிற்றில் கட்டியது சரியில்லை என்பது என் கட்சி.

மற்றவை வந்த வழியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செர்வைல், லத்தீனில் அடிமையைக் குறிக்கும் செர்வுஸ் என்ற சொல்லின் பிள்ளை. டோசைல் பள்ளிக்கூடத்துச் சொல். சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறவன் என்பதுதான் முதல் பொருள். அப்சீக்வியஸ் என்றால் பின்னாலேயே போகிறவன். ஷேக்ஸ்பியர் காலத்தில் கடமை தவறாதவன் என்ற நல்ல பொருளும் அதற்கு இருந்தது, பிறகுதான் குழைகிறவன் ஆனான். டோடியின் கதை கொஞ்சம் வேடிக்கை. சந்தையில் மருந்து விற்கும் போலி வைத்தியன் ஓர் எடுபிடியை வைத்திருப்பான். அந்த எடுபிடி கூட்டத்துக்கு முன்னால் தேரையைத் தின்பான், அல்லது தின்பதுபோல நடிப்பான். தேரை நஞ்சு என்பது அன்றைய நம்பிக்கை. உடனே வைத்தியன் தன் மருந்தைக் கொடுத்து அவனைப் 'பிழைக்க' வைப்பான். முதலாளிக்காகத் தேரை தின்கிறவன்தான் சுருங்கி டோடி ஆனான். ட்ரக்கிள் என்பது உருளை வைத்த தாழ்வான கட்டில். பகலில் எசமானின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். இரவில் இழுத்துப் போட்டு அதில் வேலைக்காரன் படுப்பான். அதில் படுக்கிறவனைப்போல இன்னொருவனுக்குக் கீழே அடங்கிக் கிடப்பது ட்ரக்கிள்.

இவையெல்லாம் ஐரோப்பியர்கள் தங்கள் சந்தையையும் தங்கள் படுக்கையறையையும் பார்த்துத் தாங்களே செய்துகொண்ட சொற்கள். தங்கள் ஆட்களைத் தாங்களே ஏசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கௌடௌ அப்படிப்பட்டதில்லை. இன்னொரு நாட்டான் தன் வீட்டில் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து, அதை நான் செய்ய மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து எழுதிய சொல் அது.

சீன மொழியில் 'கோவ்' என்றால் தட்டுதல், 'தோவ்' என்றால் தலை. தலையைத் தரையில் தட்டுவது, அதாவது மண்டியிட்டு நெற்றி நிலத்தில் படும்படி வணங்குவது. புத்தாண்டன்று பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி முன் செய்வார்கள். மாணவன் ஆசிரியர் முன்பும், மகன் தகப்பனின் சமாதியிலும் செய்வான். கல்யாணத்தில் மணமக்கள் பெற்றோர் முன் செய்வார்கள். அரசவையில் அதற்குப் பெரிய வடிவம்: மூன்று முறை மண்டியிட வேண்டும், ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றி தரையைத் தொட வேண்டும், ஆக மொத்தம் ஒன்பது. இதிலிருந்து பேரரசருக்கும் விலக்கு கிடையாது. மிக நீண்ட இரவு வரும் குளிர்கால நாளில் பெய்ஜிங்கின் வானக் கோயிலுக்குப் போய் அவரும் நெற்றி நிலத்தில் பட விழுந்தார்; பெற்ற தாய்க்கு முன்பும் விழுந்தார்.

தமிழ் ஆளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிற பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் அடிமைகள் என்று சொல்வதில்லை. கொடிமரத்துக்கு அருகே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறவரைத் தாண்டித்தான் நடக்கிறோம். அதே ஆள் ஒரு பதவிக்காக இன்னொருவர் கார் கதவருகே விழுந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். உடம்பு செய்கிற காரியம் ஒன்றேதான். நம் மொழி அதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஒன்று கும்பிடு, மற்றது கூழைக்கும்பிடு. ஆங்கிலம் சீனாவிலிருந்து கும்பிடை எடுத்துக்கொண்டு போய், அகராதியில் கூழைக்கும்பிடு என்று பதிந்து வைத்தது. இந்தப் பதிவு எப்படி நடந்தது என்பதுதான் கதை, அதில் நம்ம ஊர் ஆள் ஒருவரும் இருக்கிறார்.

நம்ம ஊர் ஆள் என்றது ஜார்ஜ் மெக்கார்ட்னியை. அயர்லாந்துக்காரர். 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் கவர்னர். அவர் வந்து இறங்கியபோது ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியைக் கலக்கிக்கொண்டிருந்தது. 1782-இல் சென்னையில் பஞ்சம். ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கியது அப்போதுதான். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை 'கஞ்சித்தொட்டி' என்று வடசென்னைக்காரர்கள் சொல்வதன் வேர் அது. மெக்கார்ட்னி அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைப்போலன்றி அன்பளிப்புகளுக்குக் கை நீட்டாதவர் என்று பெயரெடுத்தார். கூடவே முன்கோபமும் மானப் பிரச்சினையும் அதிகம். சென்னையில் கவுன்சில் உறுப்பினர் ஒருவரோடு துப்பாக்கிச் சண்டை போட்டுக் காயம்பட்டார். தான் பதவி நீக்கிய தளபதி ஸ்டூவர்ட்டோடு 1786-இல் லண்டனில் இன்னொரு சண்டை. ஸ்டூவர்ட்டுக்கு ஒரு கால் கிடையாது, போரில் போனது. மரத்தில் சாய்ந்து நின்றபடி சுட்டார்; குண்டு மெக்கார்ட்னி மேல் பாய்ந்தது. இப்படிப்பட்ட மனிதரைத்தான் சீனப் பேரரசரைப் பார்த்து வா என்று இங்கிலாந்து அனுப்பியது.

அவருக்கு வலது கையாகப் போனவர் ஜார்ஜ் ஸ்டான்டன். சென்னையில் மெக்கார்ட்னியின் செயலாளராக இருந்தவர். திப்பு சுல்தானோடு 1784-இல் மங்களூர் உடன்படிக்கை செய்யப் போன மூன்று பேரில் ஒருவர். அந்த மூவரும் தலையில் தொப்பியில்லாமல், உடன்படிக்கைத் தாளைக் கையில் ஏந்திக்கொண்டு, திப்புவின் மனம் இளகும்வரை கெஞ்சி நின்றார்கள் என்று மைசூர் தரப்பில் ஒரு வர்ணனை பரவியது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மீசை முறுக்கல் என்பது வேறு விஷயம். ஒரு கதையை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து யார் மண்டியிட்டார் என்பது மாறும் என்பதற்காக இதைச் சொன்னேன். இது சீனாவில் திரும்பவும் வரும்.

1792 செப்டம்பரில் 64 பீரங்கி கொண்ட லயன் என்ற போர்க்கப்பலில் தூதுக்குழு புறப்பட்டது. காரணம் தேயிலை. இங்கிலாந்து குடிக்கிற தேயிலை முழுவதும் சீனாவிலிருந்து வந்தது. ஆனால் கான்டன் என்ற ஒரே துறைமுகத்தில், குறிப்பிட்ட சில வணிகர்களோடு மட்டுமே ஐரோப்பியர் வியாபாரம் செய்யலாம். சீனர்கள் வாங்கிக்கொள்ளும்படியான சரக்கு இங்கிலாந்திடம் பெரிதாக இல்லாததால் வெள்ளிக்காசு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் சில துறைமுகங்கள் வேண்டும், கிடங்கு வைக்க ஒரு சின்னத் தீவு வேண்டும், பெய்ஜிங்கில் நிரந்தரத் தூதர் வேண்டும். கேட்க வேண்டியவை இவை. பரிசாகக் கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பெரிய எந்திரம், தொலைநோக்கிகள், கடிகாரங்கள், பீங்கான், வண்டிகள் எல்லாம் ஏற்றிப் போனார்கள்.

1793 ஆகஸ்டில் கரை இறங்கியதும் சிக்கல் தொடங்கிவிட்டது. ஆற்றில் அவர்களை ஏற்றிப்போன படகுகளின் கொடிகளில், இங்கிலாந்திலிருந்து கப்பம் கொண்டுவரும் தூதர் என்று சீன எழுத்தில் எழுதியிருந்தது. மெக்கார்ட்னி அதைத் தெரிந்துகொண்டும் தெரியாததுபோல இருந்துவிட்டார். பிறகு அதிகாரிகள் மெல்ல வணக்க முறைக்கு வந்தார்கள். நேரடியாகச் சொல்லவில்லை. ஆங்கிலேயர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த கச்சையையும் கொக்கியையும் பார்த்து, இவ்வளவு இறுக்கமாக இருந்தால் குனிய நிமிரக் கஷ்டமாயிருக்குமே, அரசவைக்கு வரும்போது கழற்றிவிடலாமே என்று அக்கறையோடு சொன்னார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒரு பேரரசின் வெளியுறவுக் கொள்கை காலுறைக் கொக்கியிலிருந்து பேச்சை ஆரம்பிக்கிறது.

மெக்கார்ட்னி ஒரு நிபந்தனை வைத்தார். நான் ஒன்பது முறை நெற்றியைத் தட்டத் தயார். எனக்குச் சமமான பதவியிலுள்ள சீன அதிகாரி ஒருவர், நான் கொண்டுவந்திருக்கும் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் படத்துக்கு முன் அதையே செய்ய வேண்டும். அது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில், தன் மன்னருக்குச் செய்வதுபோல ஒரு முழங்காலை மட்டும் மடக்கலாம் என்று முடிவானது. இங்கிலாந்தில் மண்டியிட்டபின் மன்னரின் கையில் முத்தமிட வேண்டும். பேரரசரின் கையைப் பிடித்து முத்தமிடுவதை நினைத்தே சீன அதிகாரிகள் பதறியதால் அதை விட்டுவிட்டார்கள். இதைக் கவனியுங்கள். தன் அரசனுக்கு முன் முழங்கால் போட்டு, கையையும் முத்தமிடுகிறவர்தான் நெற்றி தரையில் படுவதை அடிமைத்தனம் என்றார். ஒரு முழங்கால் மரியாதை, இரண்டு முழங்கால் அடிமைத்தனம் என்றால், மானம் இரண்டாவது முழங்காலில்தான் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 14. பெருஞ்சுவருக்கு அப்பால் ஜெஹோல் என்ற மலையூரில் பேரரசரின் கோடைக்கால அரண்மனை. விடியுமுன் நாலு மணிக்கே கூட்டிப்போய்த் தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். வட்டமான பெரிய கூடாரம். மெக்கார்ட்னி பூவேலை செய்த வெல்வெட் உடையின்மேல் தன் விருதுக்குரிய அங்கியைப் போர்த்தியிருந்தார். ஸ்டான்டன் ஆக்ஸ்ஃபர்டு முனைவர் பட்டத்தின் சிவப்பு அங்கியில். பதினாறு பேர் சுமந்த திறந்த பல்லக்கில் எண்பதைத் தாண்டிய பேரரசர் சியான்லொங் வந்தார். வரிசையில் நின்ற மற்ற எல்லோரும் நெற்றி தரையில் படத் தாழ்ந்தார்கள். பிறகு கூடாரத்துக்குள் மெக்கார்ட்னி, வைரம் பதித்த தங்கப் பெட்டியில் மன்னரின் கடிதத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஏந்திப் போய், ஒரு முழங்கால் மடக்கிக் கொடுத்தார்.

ஸ்டான்டனின் மகனும் அந்தக் கூடாரத்தில் இருந்தான். பன்னிரண்டு வயது, தகப்பன் பெயரோடு நடுவில் ஒரு தாமஸ். மெக்கார்ட்னியின் அங்கி வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஏவல் பையன். வரும் வழியில் கப்பலில் சீனப் பாதிரியார்களிடம் சீனம் கற்றிருந்தான். உங்களில் யாருக்காவது எங்கள் மொழி தெரியுமா என்று பேரரசர் கேட்டபோது அவன் முன்னால் வந்து பேசினான். கிழவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை; தன் இடுப்பில் தொங்கிய, பாக்கு போட்டு வைக்கும் சுருக்குப்பையைக் கழற்றிக் கொடுத்தார். எத்தனை மாதக் கடல் பயணம், எத்தனை பெட்டிப் பரிசு! அந்த நாளில் இரு தரப்பும் மனதாரச் சிரித்தது இந்தப் பாக்குப் பைக்குத்தான் என்று தோன்றுகிறது.

அந்தப் பையன் நாட்குறிப்பு எழுதினான். அது இன்றும் இருக்கிறது. பேரரசர் கடந்துபோனபோது நாங்கள் ஒரு முழங்கால் போட்டுத் தலையைத் தரைவரைக்கும் குனிந்தோம் என்று அன்றைக்கு எழுதியிருக்கிறான். 'தரைவரைக்கும்' என்ற பகுதியை மட்டும் பிறகு மையால் அடித்திருக்கிறது. அதிகாரபூர்வமான ஆங்கில விவரங்களில் தலை தரைவரைக்கும் போகவே இல்லை. சீனத் தரப்பிலோ, தூதர் பேரரசரின் முகத்தைப் பார்த்ததும் தானாகவே இரண்டு முழங்காலிலும் விழுந்துவிட்டார் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. அடுத்த பேரரசர் ஜியாசிங், மெக்கார்ட்னி கும்பிட்டதைத் தான் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிவந்தார். மங்களூர்க் கதையில் சொன்னேனே, அதுவேதான்.

பலன் என்ன? ஒன்றும் கிடைக்கவில்லை. துறைமுகம் இல்லை, தீவு இல்லை, தூதர் இல்லை. உங்கள் சாமான்கள் எங்களுக்குத் தேவைப்படுவதில்லை என்கிற மாதிரி ஒரு பதில் மன்னர் ஜார்ஜுக்குப் போனது. தன்மானத்தோடு நின்றதால் காரியம் கெட்டது என்று ஒரு கட்சியும், காரியம் கெட்டாலும் மானம் பிழைத்தது என்று இன்னொரு கட்சியும் லண்டனில் உருவாயின.

இரண்டு கட்சிக்கும் பதில் சொல்ல 1795 ஜனவரியில் டச்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐசக் டிட்சிங் தலைமையில் வந்த அந்தக் குழு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் எல்லாம் விழுந்தார்கள். பனிக்காலத்து விடியலில், திறந்த வெளியில், திரும்பத் திரும்ப. துணைத் தூதர் வான் பிராம் நல்ல பருமன். குனிந்தபோது தொப்பி கழன்று விழ, பேரரசர் சிரித்துவிட்டார். அதை வான் பிராமே சங்கோஜமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்குக் கிடைத்தது? அவர்களுக்கும் ஒன்றுமில்லை. விழாதவனுக்கும் பூஜ்யம், விழுந்தவனுக்கும் பூஜ்யம். முடிவு நெற்றியில் இல்லை, கான்டன் வியாபாரத்தை யார் கையில் வைத்திருப்பது என்ற கணக்கில் இருந்தது.

ஆனால் கதை எழுதுகிறவர்களுக்கு வியாபாரக் கணக்கைவிட முழங்கால்தான் ருசி. மெக்கார்ட்னியின் குழுவில் கணக்கு வழக்குப் பொறுப்பில் போன ஜான் பாரோ 1804-இல் ஒரு சீனப் பயணநூல் வெளியிட்டார். கௌடௌ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் காட்டப்படும் மிகப் பழைய ஆதாரம் அதுதான். டச்சுக்காரர்கள் பட்ட அவமானத்தையும் ஆங்கிலேயர்கள் காத்துக்கொண்ட கௌரவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எழுதினார். சொல்லும் ஏளனமும் ஒன்றாகவே கரை இறங்கின. இருபத்திரண்டு வருஷம் கழித்து, பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலி தன் 'விவியன் கிரே' நாவலில், ஒரு சீமாட்டியிடம் குழைகிற பிரபுவுக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிட்டார். சீனாவும் இல்லை, பேரரசரும் இல்லை. பிரபுக்களின் வரவேற்பறையில் இளிக்கிறவனுக்குப் பட்டப்பெயர். உங்கள் கைடில் இருப்பது இந்த இரண்டாவது கௌடௌ.

இடையில் 1816-இல் இன்னொரு தூதுக்குழு போனது. தலைவர் ஆம்ஹெர்ஸ்ட், பின்னாளில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தவர். இந்த முறை அவருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருந்தது யார் தெரியுமா? பாக்குப் பை வாங்கிய பையன். இப்போது வயது 35, கான்டனில் கம்பெனியின் பெரிய அதிகாரி, சீனச் சட்டத்தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். விழுந்துவிட்டுப் போகலாமே என்று ஆம்ஹெர்ஸ்ட் யோசித்தார். விழவே கூடாது என்று தடுத்தவர் ஸ்டான்டன். ஆகஸ்ட் 29 அதிகாலை, இரவெல்லாம் குலுங்கும் வண்டியில் வந்த குழுவை உடை மாற்றக்கூட விடாமல், பேரரசர் இப்போதே பார்க்கிறார் என்று இழுத்தார்கள். ஆம்ஹெர்ஸ்ட் மறுத்தார், அன்றே திருப்பி அனுப்பப்பட்டார். ஊருக்குத் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இருந்த நெப்போலியனைச் சந்தித்தார். போன ஊரின் வழக்கப்படி நடப்பதுதானே தூதன் வேலை என்பது நெப்போலியன் கருத்து. ஐரோப்பா முழுவதையும் மண்டியிட வைத்தவருக்கு அதில் கூச்சம் ஒன்றும் தெரியவில்லை.

தம்பி தங்கைகளே, இதுவரை இது சுவாரசியமான கதை. இனிமேல்தான் கோபம் வருகிறது.

வெள்ளி போவதை நிறுத்த ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த சரக்கு அபின். பீகார், வங்கப் பக்கம் விளைவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டு, கள்ளத்தனமாகச் சீனாவுக்குள் இறக்கினார்கள். 1839-இல் சீன ஆணையர் லின் ஸெஷு அதைப் பறிமுதல் செய்து அழித்தார். போர் வந்தது. அந்தப் போரில் நம் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1841 மே மாதம் கான்டனுக்கு வெளியே சன்யுவான்லி என்ற இடத்தில், 37-ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி அடைமழையில் வழி தவறி, மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல், ஈட்டியும் கம்பும் ஏந்திய கிராமத்தாரின் நடுவில் சிக்கிக்கொண்டது. யாருடைய வெள்ளிக்காக எங்கே போய் நனைந்தார்கள், பாருங்கள்.

அதே 1841 கடைசியில், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் பாஸ்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியது அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு எப்படி வெறும் சாக்கோ, அப்படித்தான் இந்தப் போருக்கு அபினும் என்றார். அவர் கணக்கில் போரின் உண்மையான காரணம் கௌடௌ. பிற நாடுகளைத் தனக்குச் சமமாக நடத்தாத சீனாவின் திமிர். அமெரிக்காவிலேயே பலருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு பெரிய பத்திரிகை அந்த உரையை அச்சிட மறுத்தது. ஆடம்ஸ் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர், சாதாரண ஆள் இல்லை. அவர் வாயிலேயே ஒரு சொல் பெட்டி பெட்டியான அபினை மூடி மறைத்துவிட்டது என்றால் அந்தச் சொல்லின் வேலை எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். விழச் சொன்னவன் குற்றவாளி ஆகிவிட்டான். விஷம் விற்றவன் தன்மானக்காரன் ஆகிவிட்டான்.

1842-இல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, இரண்டு கோடியே பத்து லட்சம் டாலர் அபராதம். கையெழுத்தானது ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பலில், ஆகஸ்ட் 29 அன்று. ஆம்ஹெர்ஸ்ட் துரத்தப்பட்ட அதே தேதி, 26 வருஷம் கழித்து. தேதிப் பொருத்தத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சீன அரசவைக் கும்பிடில் அதிகாரமே இல்லை, வெறும் மரியாதைதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் அதிகாரம் இருந்தது. நீ எனக்குக் கீழே என்று சொல்லாமல் சொல்லும் சடங்குதான் அது. படகுக் கொடியில் கப்பம் என்று எழுதியவர்கள் தெரிந்தே எழுதினார்கள். என் வாதம் அந்தச் சொல்லைப் பற்றியது. பேரன் தாத்தாவுக்குச் செய்வது, மகன் சமாதியில் செய்வது, அமைச்சன் பயந்து செய்வது, தூதன் வியாபாரத்துக்காகச் செய்வது என்று பல முகம் உள்ள ஒரு செயலில், ஆங்கிலம் தனக்கு எரிச்சலூட்டிய ஒரே முகத்தைப் பிடித்துக்கொண்டது. அடிமைத்தனம் என்ற பொருளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்தவர்கள் அதைச் செய்தவர்கள் அல்லர், செய்ய மறுத்தவர்கள். இன்றும் ஏதாவது ஓர் அமெரிக்கக் கம்பெனி சீனச் சந்தைக்காக வரைபடத்தைத் திருத்தினாலோ, மன்னிப்புக் கேட்டாலோ, ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்பில் இந்தச் சொல் தவறாமல் வந்து நிற்கும். தேர்வுக்காக நீங்கள் தலையங்கம் படிக்கும்போது கண்ணில் படும். அதன்பின் 'டூ' வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பிஃபோர்' போட்டுவிட்டு மார்க்கை விடாதீர்கள்.

ஒரு தகவலைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் எந்தக் கைடிலும் இது வராது. 1900-இல் பெய்ஜிங்கில் ஜெர்மன் தூதர் கெட்டெலர் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னிப்புக் கேட்க ஓர் இளவரசரை பெர்லினுக்கு அனுப்ப வேண்டும் என்று ஜெர்மனி வற்புறுத்த, 18 வயது சுன் இளவரசர் ஸைஃபெங் 1901-இல் புறப்பட்டார். சுவிட்சர்லாந்து எல்லையில் பாஸல் நகரத்துக்கு வந்தபோது ஒரு செய்தி. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னால் இளவரசரோடு வரும் அதிகாரிகள் கௌடௌ செய்ய வேண்டுமாம்! நூறு வருஷத்துக்கும் மேலாக ஐரோப்பா காட்டுமிராண்டித்தனம் என்று ஏசிய அதே காரியத்தை ஓர் ஐரோப்பிய அரசர் கேட்டு வாங்கப் பார்த்தார். சீனர்கள் மறுத்தார்கள். இளவரசருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பாஸல் ஓட்டலிலேயே நாட்களைக் கடத்தினார்கள். வில்ஹெல்ம்தான் இறங்கி வர வேண்டியதாயிற்று. போட்ஸ்டாம் அரண்மனையில் இளவரசர் தலை வணங்கினார், யாரும் மண்டியிடவில்லை.

ஏழு வருஷம் கழித்து அந்த ஸைஃபெங்கின் மகன் பூயி சீனாவின் பேரரசன் ஆனான். மூன்று வயதுகூட நிறையாத குழந்தை. 1908 டிசம்பர் 2, கடுங்குளிர். பெய்ஜிங் அரண்மனையின் பெரிய மண்டபத்தில் உயரமான சிம்மாசனத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கான அதிகாரிகள் வரிசை வரிசையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். குழந்தை பயந்து அழுதான், வீட்டுக்குப் போகணும் என்று கத்தினான். பக்கத்தில் மண்டியிட்டு அவனைப் பிடித்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. அழாதே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று தேற்றினார். அரசவையில் நின்றவர்கள் அந்தப் பேச்சை அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். 1912 பிப்ரவரியில் முடியாட்சி முடிந்தது. புதிய குடியரசு அரசுச் சடங்குகளிலிருந்து நெற்றி தட்டுவதை நீக்கிவிட்டு, நின்றபடி குனிந்தால் போதும் என்று விதி எழுதியது. வட சீனக் கிராமங்களில் புத்தாண்டன்று பேரப்பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாத்தா முன்னால் விழுந்து எழுந்து, சிவப்பு உறையில் காசு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்